குழல்மேல் எழுத்து பிறந்த கதை

பழைய வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது குழலின்மேல் இருக்கும் எழுத்தைத்தான். இரண்டு வரி. ஒரு பெயர், ஓர் ஊர், கூடவே ஒன்றிரண்டு தேதிகள். ‘அக்டோபர் 16, 1860’ என்று கண்ணில் பட்டதும், உள்நாட்டுப் போருக்கு முந்தைய துப்பாக்கி என்று நினைத்து விலையை ஏற்றுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி 1905இல் செய்யப்பட்டதாகக்கூட இருக்கலாம். குழலில் உள்ள தேதிக்கும் துப்பாக்கி பட்டறையை விட்டு வெளியே வந்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தவர் கொல்லர் இல்லை, வக்கீல்.

1842 ஆகஸ்டில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. காப்புரிமை பெற்ற சரக்கை விற்பவர், அந்த உரிமை வழங்கப்பட்ட தேதியை ஒவ்வொரு உருப்படியிலும் பொறித்தாக வேண்டும். தவறினால் குறைந்தது 100 டாலர் அபராதம். வாங்காத காப்புரிமையை வாங்கியதாகப் பொறித்தாலும் அதே 100 டாலர்தான். அதில் பாதி, வழக்குப் போட்டவருக்குப் போகும். 1861இல் இதைத் திருத்தினார்கள். பொறிக்காதவருக்கு அபராதம் போய்விட்டது. ஆனால் தேதியைப் பொறிக்காத முதலாளி, தன் சரக்கை நகலெடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று வந்தது. அபராதத்தைவிட இதுதான் உறைத்திருக்கும். அபராதம் போட யாராவது வந்து பார்க்க வேண்டும். நஷ்டஈடு போனால் தொழிலே போகும். அந்தக் காலத்து அமெரிக்கத் தையல் இயந்திரம், இரும்பு அடுப்பு, பூட்டு என்று எதை எடுத்தாலும் தேதிகள் மொய்த்துக் கிடப்பதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான்.

லீவர் துப்பாக்கி பிறந்ததும் இந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான். விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து அடுத்தது குழலுக்குள் ஏறும். இந்த ஏற்பாட்டைப் பலர் கைமாற்றி கைமாற்றிச் செப்பனிட்டார்கள். ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸனும் 1854 பிப்ரவரி 14இல் ஒரு காப்புரிமை வாங்கினார்கள். மறு ஆண்டு அந்தத் தொழில் ‘வால்கானிக்’ என்ற கம்பெனிக்குப் போனது. 1857இல் அதுவும் நொடித்து, கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் சட்டைத் தொழிற்சாலை வைத்திருந்த ஆலிவர் வின்செஸ்டர் என்பவர் கைக்கு வந்து, ‘நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி’ ஆனது. முதலாளிகள் மாறினார்கள், ஊர் மாறியது, கம்பெனிப் பெயர் மாறியது. குழலில் 1854 பிப்ரவரி 14 மட்டும் அப்படியே நின்றது.

அங்கே மேற்பார்வையாளராக இருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, உலோகக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் சேர்ந்த தோட்டாவுக்கு ஏற்றபடி இயந்திரத்தைத் திருத்தினார். அதற்கான காப்புரிமையின் தேதிதான் 1860 அக்டோபர் 16. குழலில் முதல் வரி ‘ஹென்றியின் காப்புரிமை’ என்றது, இரண்டாவது வரி ‘நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி செய்தது’ என்றது. சுமார் 14,000 ஹென்றி ரைஃபிள்கள் இப்படி வெளிவந்தன. அவற்றில் 1,731ஐ அமெரிக்க அரசு உள்நாட்டுப் போருக்காக வாங்கியது. அரசு வாங்கிய துப்பாக்கியில் சோதனை அதிகாரி சார்ல்ஸ் ஜி. சாப்மனின் மூன்று முதலெழுத்துகள் சின்னதாக இருக்கும். இன்று அந்த மூன்று எழுத்துக்குத் தனி விலை.

பிறகு ஹென்றிக்கும் வின்செஸ்டருக்கும் ஒத்துப்போகவில்லை. 1866இல் வின்செஸ்டர் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். நெல்சன் கிங் என்ற புதிய மேற்பார்வையாளர், தோட்டாவைப் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வழியாகப் போடும் வழியைக் கண்டுபிடித்துத் தந்தார். பித்தளை உடம்போடு வந்த 1866 மாடலின் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் குழலில் இருப்பது இரண்டே பெயர்கள்: ஹென்றியின் காப்புரிமை, கிங்கின் காப்புரிமை. முதலாளி பெயரைக் காணோம். கொஞ்ச காலம் கழித்து வந்தவற்றில் முதலாளி பெயரும் ஊரும் முதல் வரியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. கீழே ‘கிங்கின் திருத்தம், காப்புரிமை 1866 மார்ச் 29, 1860 அக்டோபர் 16’. ஹென்றியின் பெயர் போயே போய்விட்டது. தேதி மட்டும் போகவில்லை. சட்டம் கேட்டது தேதியைத்தான். கண்டுபிடித்தவர் பெயரை அது கேட்கவில்லை.

இந்த வரியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் உரிமைகளைச் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியிட்டது. 1854 பிப்ரவரி 14 செவ்வாய். 1860 அக்டோபர் 16 செவ்வாய். 1866 மார்ச் 29 வியாழக்கிழமை! நெல்சன் கிங்கின் காப்புரிமைப் பத்திரத்தில் உள்ள தேதி 1866 மே 22, அது செவ்வாய்தான். ஆக, லட்சக்கணக்கான குழல்களில் ஏறிய தேதி, பத்திரத்தில் இருக்கும் தேதி இல்லை. யாரும் அதைத் திருத்தவும் இல்லை. ஊர்ப் பெயரையும் நம்பிவிட முடியாது. 1871 வரை சில ஆண்டுகள் ஆலை நடந்தது பிரிட்ஜ்போர்ட்டில். குழல் சொன்னது நியூ ஹேவன்.

1873 மாடலும் இதே வரியைச் சுமந்துகொண்டு வந்தது. சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் துப்பாக்கிகள், 20ஆம் நூற்றாண்டு வரை. ஹென்றியின் உரிமையும் கிங்கின் உரிமையும் 1883க்குள் காலாவதியாகிவிட்டன. அதற்குப் பிறகு யாரையும் தடுக்க அந்தத் தேதிகளுக்கு வலு இல்லை. ஆனாலும் உருளை அச்சு உருண்டுகொண்டே இருந்தது. சட்டத்துக்குப் பயந்து பொறித்த வரி, கம்பெனியின் முகவரி போல ஆகிவிட்டது. சேகரிப்பில் புதிதாக இறங்கியவர் ஏமாறுவது இங்கேதான். உண்மையான வயதைத் தெரிந்துகொள்ள வரிசை எண்ணைத் தேட வேண்டும். ஹென்றியில் அது குழலின்மேலேயே, உடம்பை ஒட்டி இருக்கும். 1873இல் கட்டையின் கழுத்துக்கு அடியில் நீளும் இரும்பு நாக்கில். 1894 மாடலில் உடம்பின் அடிப்பக்கம், முன்னால். அமெரிக்கச் சட்டத்துக்கும் இது முக்கியம். 1898இலோ அதற்கு முன்போ செய்தது என்றால் பழம்பொருள். 1899இல் செய்தது என்றால் சாதாரணத் துப்பாக்கி, அதற்குரிய கட்டுப்பாடுகள் அத்தனையும் உண்டு.

கம்பெனி துரத்திய ஹென்றியின் பெயர் வேறோர் இடத்தில் பிழைத்துக்கொண்டது. வின்செஸ்டர் செய்த விளிம்பில் வெடிக்கும் தோட்டாக்களின் அடியில் ஆங்கில ‘எச்’ எழுத்து ஒன்று இருக்கும். அது ஹென்றியின் எச். 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் அதை விடாமல் போட்டார்கள். இந்தத் தோட்டாக்களுக்கு இன்னொரு முத்திரையும் உண்டு. அது சுடும்போது விழுவது. ஹென்றியிலும் 1866 மாடலிலும் தோட்டாவை அடிக்கும் முள் இரட்டை முனை கொண்டது. விளிம்பில் எதிரெதிரே இரண்டு தழும்பு விழும். 1876இல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தை 1984இல் தொல்லியலாளர் டக்ளஸ் ஸ்காட்டும் அவருடன் இருந்தவர்களும் தோண்டியபோது, மண்ணில் கிடைத்த கூடுகளின் தழும்புகளை ஒப்பிட்டு, எந்தக் கூடு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது, அந்தத் துப்பாக்கி களத்தில் எங்கெல்லாம் நகர்ந்தது என்று வரைபடம் போட்டார்கள். கஸ்டரின் வீரர்களிடம் இருந்தவை ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் துப்பாக்கிகள். லீவர் துப்பாக்கிகள் எதிரே நின்ற லகோட்டா, செயென் பழங்குடி வீரர்களிடம் இருந்தன.

பெயர் விஷயத்தில் ஹென்றியாவது பாக்கியசாலி. ஜான் மோசஸ் பிரவுனிங்கின் நிலையைப் பாருங்கள். யூட்டா மாநிலத்து ஆக்டனில் சின்னக் கடை வைத்திருந்தவர். 1883இல் ஒரு துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வின்செஸ்டரிடம் விற்றார். பிறகு 1886, 1892, 1894, 1895 மாடல்கள் எல்லாம் அவர் மூளையில் பிறந்தவை. லீவர் துப்பாக்கி என்றதும் இன்று நம் மனதில் வரும் உருவமே அவர் வரைந்ததுதான். அந்தக் காலத்து வின்செஸ்டர் எதிலும் அவர் பெயர் இல்லை. உரிமையை மொத்தமாக வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். 1894 மாடலின் உடம்புக்குப் பின்னால் நீளும் நாக்கில் ‘காப்புரிமை 1894 ஆகஸ்ட் 21’ என்று இருக்கும். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை.

குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் காலிபர் முத்திரை பிறந்தது வேறு காரணத்தால். 1873 மாடல் வந்தபோது அதற்கு ஒரே ஒரு தோட்டாதான், .44. வேறெதுவும் இல்லாதபோது பொறிப்பானேன்? .38 வந்த பிறகுதான் குழலிலும், தோட்டாவைத் தூக்கும் பித்தளைத் துண்டின் அடியிலும் எண் ஏறியது. வின்செஸ்டர் தன் தோட்டாவுக்கு ‘வின்செஸ்டர் சென்டர் ஃபயர்’ என்று தன் பெயரையே சூட்டி, டபிள்யூ.சி.எஃப். என்று சுருக்கிப் பொறித்தது. அதே நியூ ஹேவனில் கடை போட்டிருந்த ஜான் மார்லின் தன் குழலில் போட்டிக்காரர் பெயரைப் போடுவாரா? அவருக்கும், தோட்டா செய்த வேறு கம்பெனிகளுக்கும் அது கசந்தது. காலிபரோடு மருந்தின் எடையைச் சேர்த்து .44-40, .30-30 என்று அழைக்கும் வழக்கம் அந்தக் கசப்பில் வளர்ந்ததுதான். இன்று வின்செஸ்டர் ரசிகர்களும் .30-30 என்றே சொல்கிறார்கள். பெயர்ச் சண்டையில் ஜெயித்தது பெயரைத் தவிர்த்தவர்கள்.

அதிக அழுத்தம் தரும் புகையில்லா மருந்து வந்ததும் எழுத்துக்கு உயிர் காக்கும் பொறுப்பும் வந்தது. வின்செஸ்டர் ‘நிக்கல் எஃகுக் குழல், புகையில்லா மருந்துக்கென்றே’ என்று பொறித்தது. மார்லின் தன் புதிய குழலில் ‘ஸ்பெஷல் ஸ்மோக்லெஸ் ஸ்டீல்’ என்றும், மென்மையான குழலில் ‘கருமருந்துக்கு’ என்றும் போட்டது. இதைப் படிக்காமல் புதுத் தோட்டாவை ஏற்றுகிறவருக்குப் பழம்பொருள் அறிவு பற்றாது, ஆஸ்பத்திரிதான்.

விளம்பரத்துக்காகப் பிறந்த முத்திரையும் உண்டு. ஆலையில் குழல்களைச் சோதிக்கும்போது மிக நுட்பமாகக் குறி அடித்தவற்றைத் தனியே எடுத்து, அழகு வேலை செய்து, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்கப்போவதாக 1875 விலைப்பட்டியலில் வின்செஸ்டர் அறிவித்தது. அடுத்த தரம் ‘நூற்றில் ஒன்று’. 1873 மாடலில் முதல் வகை 133, இரண்டாவது வகை 8 என்று கணக்கு. நம் கணக்குப் புத்தியில், நூற்றில் ஒன்றுதான் அதிகம் இருக்க வேண்டும்! இரண்டாம் தரம் என்று வெளிப்படையாக எழுதிய பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை போலும். 1950இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தேடி விளம்பரம் செய்தது. பரண்களில் தூங்கியவை பல அப்போதுதான் வெளியே வந்தன.

இதுவரை சொன்னது செய்தவர்களின் எழுத்து. விற்றவர்களின் எழுத்து இதைவிட எனக்குப் பிடித்தமானது. காரணம், அதில் ஊர் இருக்கிறது.

வின்செஸ்டர் கம்பெனி நேராகத் துப்பாக்கிக்காரரிடம் விற்கவில்லை. மொத்த வியாபாரிகளிடம் விற்றது. நியூ யார்க்கின் ஷுய்லர், ஹார்ட்லி அண்ட் கிரஹாம் போன்ற பெரிய கைகள் பெட்டி பெட்டியாக வாங்கி மேற்கே அனுப்பின. டென்வரிலோ சான் ஃபிரான்சிஸ்கோவிலோ இருந்த கடைக்காரருக்கு ஒரு சங்கடம். தெருக்கோடியில் உள்ள போட்டிக் கடையிலும் இதே துப்பாக்கி, இதே விலை. வில் உடைந்தால் பழுதுபார்க்கிறவர் நான்தான், தோட்டா வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு எப்படி நினைவூட்டுவது? குழலில் பின்குறிக்கும் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே தன் பெயரையும் ஊரையும் அடித்தார். டென்வரில் கார்லோஸ் கோவ், ஜே. பி. லோயர், சான் ஃபிரான்சிஸ்கோவில் லிடில் அண்ட் கேடிங், டெக்ஸாஸ் சான் அன்டோனியோவில் சார்ல்ஸ் ஹம்மல். செய்தவர் ஊர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, சுட்டவருக்குத் தெரிந்த பெயர் இதுதான்.

இவர்களில் ஃபிராயண்ட் சகோதரர்கள் தனி ரகம். ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிராங்க், ஜார்ஜ் என்ற இரண்டு துப்பாக்கிக் கொல்லர்கள். யூனியன் பசிபிக் ரயில் பாதை மேற்கே நீள நீள, அது போய் நின்ற ஊரிலெல்லாம் கடை போட்டார்கள். பாதை நகர்ந்தால் கடையும் நகரும். வயோமிங்கின் ஷயானில் கடை வைத்திருந்த அவர்கள், வாங்கிய துப்பாக்கியை அப்படியே விற்பவர்கள் இல்லை. குறி பார்க்கும் பாகத்தைத் தாங்களே வடிவமைத்து, அதற்கும் காப்புரிமை வாங்கி, அதன் தேதியையும் பொறித்து விற்றார்கள். ஒரே துப்பாக்கியில் ஆலையின் தேதி ஒன்று, கடையின் தேதி ஒன்று.

கடை எழுத்து வயதைச் சொல்லும் விதமும் தனி. கூட்டாளி விலகினால் பெயர்ப்பலகை மாறும், அச்சும் மாறும். ஷுய்லர் போனதும் ‘ஹார்ட்லி அண்ட் கிரஹாம்’. கிரஹாம் போனதும் ‘எம். ஹார்ட்லி’. பழைய நகரங்களின் வியாபாரிகள் பட்டியல் புத்தகங்கள் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. எந்த ஆண்டில் எந்தப் பெயரில் எந்தத் தெருவில் கடை இருந்தது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கடிகாரத்துக்குப் பேர்போன நம் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸின் பெயரும் இங்கிலாந்தில் செய்த வேட்டைத் துப்பாக்கிகளில் உண்டு. பெயரைப் பார்த்துவிட்டு, சென்னையில் செய்தது என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கும் குறைவில்லை.

20ஆம் நூற்றாண்டில் கடைக்காரர் கை ஓங்கி, செய்தவர் பெயரையே துடைத்துவிட்டார். சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடை, டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் பெயரில் விற்ற ‘மாடல் 100’, உள்ளே பார்த்தால் வின்செஸ்டர் 94தான். ஸ்பெயினின் ஐபார் நகரத்தார் ஒரு படி மேலே போனார்கள். காராத்தே, அனிதுவா என்ற கம்பெனி வின்செஸ்டர் 1892ஐ அச்சு அசலாக நகலெடுத்து ‘எல் டீக்ரே’, அதாவது புலி, என்று பெயர் வைத்தது. காப்புரிமை காலாவதியானதால் தடுக்க வழியில்லை. புலி நன்றாகவே ஓடியது.

கடலைத் தாண்டினால் முத்திரைகள் கூடும். இங்கிலாந்தில் எந்தக் குழலும் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் மிகை மருந்து போட்டுச் சுட்டுத் தேறினால்தான் விற்கலாம். தேறியதற்கு அடையாளம், கிரீடமும் அதன் கீழ் எழுத்தும். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்தின் சாசனம் 1637ஆம் ஆண்டையது. பர்மிங்காம் சாலை 1813இல் வந்தது. கிரீடத்தைக் கண்டு வெளிநாட்டுச் சரக்கை இங்கிலாந்துச் சரக்கு என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று, 1925 விதிகளுக்குப் பிறகு ‘இங்கிலாந்தில் செய்ததல்ல’ என்றும் சேர்த்து அடித்தார்கள். வின்செஸ்டர் தன் சொந்தச் சோதனை முத்திரையை, நீள்வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, 1905இல்தான் தொடங்கியது. 1890இல் செய்த உடம்பில் அந்த முத்திரையோடு ஒரு குழல் இருந்தால், அது பின்னால் மாற்றிய குழல்.

அரசுகளும் தங்கள் பங்குக்கு அடித்தன. கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ் 1876 மாடலை வாங்கிக் கட்டையில் நான்கு எழுத்து பொறித்தது. முதல் உலகப் போரில் ரஷ்யா வாங்கிய 1895 மாடல்கள் 3 லட்சத்தை நெருங்கும். அவற்றில் ஜார் அரசின் சோதனை முத்திரை. பிரிட்டிஷ் கடற்படை வாங்கிய 94களில் அகன்ற அம்பு.

வெளியே தெரியாத எழுத்துதான் பொய் சொல்லாது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உயர்ரக வின்செஸ்டரின் கட்டையைக் கழற்றினால், இரும்பு நாக்கின் பக்கத்தில் ஒரு சிறு எண், மரத்தின் உட்பள்ளத்தில் அதே எண், கட்டையின் அடித்தகட்டின் உள்பக்கம் அதே எண். ஆலையில் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தியவர், பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கத் தனக்காகப் போட்டுக்கொண்டது. மூன்றும் ஒத்திருந்தால் மரம் அசல்.

வயோமிங்கின் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால், குழல் உருண்டையா எண்கோணமா, விசை எந்த வகை, கிடங்கிலிருந்து எந்த நாள் வெளியே போனது என்று எடுத்துச் சொல்வார்கள். எந்தக் கடைக்குப் போனது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. கோல்ட் என்ற மற்றொரு துப்பாக்கிக் கம்பெனியின் பேரேடுகளில் அது உண்டு. வின்செஸ்டரின் குமாஸ்தாக்கள் எழுதவில்லை. ஆகவே இந்த ரைஃபிள் டென்வருக்குப் போனது என்பதற்கு டென்வர் கடையின் முத்திரைதான் ஒரே சாட்சி. போலி செய்கிறவருக்கும் இது தெரியும். பேரேடு மறுத்துப் பேசாது என்ற தைரியத்தில், அஞ்சல் கொள்ளைக் கதைகளில் வரும் வெல்ஸ் ஃபார்கோ பெயரையும், குதிரைப் போலீஸ் எழுத்துகளையும், புகழ்பெற்ற கடைப் பெயர்களையும் இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிடிக்க வழி உண்டு. பழைய கடைக்காரர் முழு வரியையும் ஒரே அச்சில் செதுக்கி வைத்திருந்தார். அதில் ஓர் எழுத்து மூளி என்றால் அவர் விற்ற அத்தனையிலும் அது மூளிதான். போலிக்காரர் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவது போல ஒவ்வோர் எழுத்தாக அடிப்பார். வரி ஏறி இறங்கும். அடிக்கும்போது எழுத்தின் இரு கரையிலும் இரும்பு லேசாக மேடாகும். 140 ஆண்டு கைபட்டுத் தேய்ந்த குழலில் அந்த மேடும் தேய்ந்திருக்க வேண்டும். ஆலையின் தேதி மழுங்கியும் பக்கத்தில் கடையின் பெயர் விரலில் உரசும்படி கூர்மையாகவும் இருந்தால், விலை பேசாமல் வைத்துவிட்டு வரலாம்.